செவ்வாய்க்கிழமை லைன் போச்சு: சீரியல் யாருக்காக எடுக்கிறார்கள்?

#1 செல்லூர் கேபிள்காரன்

வணக்கம். மதுரை செல்லூர்ப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகக் கேபிள் தொழில் செய்கிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி எங்கள் ஃபைபரையும் சேர்த்து அள்ளிவிட்டது. தேடிக் கண்டுபிடித்து ஒட்டி முடிக்கும்போது இரவு பத்தேகால். அதுவரைக்கும் போனைக் காதை விட்டு இறக்க முடியவில்லை.

மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, வந்த அழைப்புகளை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று தட்டுப்பட்டது. ஆறு மணிக்கு முன்னால் கூப்பிட்டதெல்லாம் பொடிசுகள். அம்மா போனில் இருந்து, "அங்கிள், கார்ட்டூன் வரல." ஆறரையில் இருந்து பாட்டிமார். பேரனோ பேத்தியோ நம்பர் போட்டுக் கொடுக்க, "ஏப்பா, இன்னைக்குப் பாத்து இப்படிப் பண்ணிட்டியே" என்று ஆரம்பிப்பார்கள். ஏழரைக்கு மேல் நடுவயதுப் பெண்கள். அவர்கள் நீட்டி முழக்குவதில்லை. "அண்ணே, எப்ப வரும்?" அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேல் ஆம்பளைகள். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வசனம்: "வீட்ல கேக்குறாங்கப்பா." அதில் ஒருத்தருடைய சம்சாரம் நான்கு நாளாக மானாமதுரையில் அம்மா வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும்.

என் கேள்வி இதுதான். எந்த நேரத்துக்கு எந்தக் கதை, யாரை உட்கார வைக்க என்று மேலே யாராவது கணக்குப் போடுகிறார்களா? இல்லை, கிடைத்ததைப் போட்டு, நாம்தான் அதற்குத் தகுந்தபடி பழகிக்கொண்டோமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மேலூர் மாப்ள

மானாமதுரை விஷயத்தை இப்படிப் பொதுவில் போட்டுட்டீங்களே அண்ணே. அந்த மனுஷன் இந்நேரம் டிஷ் ஆன்டெனாவுக்கு மாறியிருப்பார்.

#3 கே.கே.நகர் கணக்கன்

அண்ணே, கணக்குப் போடுகிறார்கள். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதினோரு வருடம் இந்தக் கணக்கைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

சேனல் கடையில் சரக்கு என்பது சீரியல் இல்லை, நாம். சோப்பு, மசாலா, தலைக்கு எண்ணெய், நகைக்கடை, ஜவுளிக்கடை, இவர்கள்தான் வாங்க வருகிறவர்கள். எத்தனை பேரை, எப்படிப்பட்டவர்களை உட்கார வைத்தாய் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் டிஆர்பி. முன்பு டாம் என்று ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டிருந்தது, 2015ல் இருந்து பார்க் என்கிற அமைப்பு எடுக்கிறது. நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எந்தெந்த வீடு என்பது ரகசியம். வீட்டில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பட்டன். டிவி முன்னால் உட்கார்ந்தால் உங்கள் பட்டனை அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். அப்போதுதான் பார்த்தது பாட்டியா, பேத்தியா, மானாமதுரைக்காரரின் மாப்பிள்ளையா என்று தெரியும். உனக்குப் பிடித்ததா என்று அந்தப் பெட்டி ஒருநாளும் கேட்காது. இருந்தாயா, எவ்வளவு நேரம் இருந்தாய், அவ்வளவுதான்.

சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை ஒரு வாரம். அதற்கான மதிப்பெண் அடுத்த வியாழக்கிழமை வரும். வியாழக்கிழமை சேனல் ஆபீஸுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், பத்தாம் வகுப்பு ரிசல்ட் தோற்றது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர், நகரம் எவ்வளவு, கிராமம் எவ்வளவு, சென்னை தனியாக எவ்வளவு என்று பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அதோடு வீட்டின் வசதியையும் ஏ, பி, சி என்று வகை பிரித்திருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் கேட்பதில்லை, கேட்டாலும் யார் உண்மை சொல்லப் போகிறார்கள்? வீட்டில் முக்கியமாகச் சம்பாதிக்கிறவர் என்ன படித்திருக்கிறார், பதினோரு பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது, இந்த இரண்டும்தான். கரண்ட் இணைப்பு, ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி. பதினோராவது, விவசாய நிலம்.

ஒரே கதை நமக்கு ஒன்றாகத் தெரியும். அவர்கள் மேசையில் அது இருபது முப்பது துண்டாகக் கிடக்கும்.

#4 மேலூர் மாப்ள

விவசாய நிலமா? எங்க அப்பத்தாவுக்கு மேலூர்க் கால்வாய்ப் பக்கம் நிலம் இருக்கு. தண்ணி வந்தா வயல், வராட்டி ஆட்டுக்கு மேய்ச்சல். அப்பத்தா எந்த வகை, ஏயா பியா?

#5 கே.கே.நகர் கணக்கன்

அந்தப் பட்டியலுக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதெல்லாம் தெரியாது தம்பி. நிலம் இருந்தால் ஒரு டிக்.

#6 பூக்கட்டி

கணக்கெல்லாம் சரி. ஆனால் நீங்கள் எல்லாருமே "பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள்" என்றே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் யாரும் சீரியல் பார்ப்பதில்லை. கேட்கிறார்கள்.

அம்மா, சின்னம்மா, பக்கத்து வீட்டு மதினி மூன்று பேரும் பூக் கட்டுகிறவர்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து மல்லிகை வந்து இறங்கினால் மொட்டு விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். நனைத்த வாழைநாரைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு பூ அந்தப் பக்கம், இரண்டு பூ இந்தப் பக்கம், ஒரு முடிச்சு. கண் முழுக்க விரலில் இருக்கும். தலை நிமிர்ந்தால் கண்ணி விட்டுப்போகும். டிவி அவர்களுக்கு முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. சுவரில் பிளக் பாயின்ட் அங்கேதான்.

இவ்வளவுக்கும் கதையில் ஒரு வரி அவர்களுக்குத் தப்பாது. எப்படி என்று நான் ஒரு வாரம் கவனித்தேன். வில்லி வரும்போது அவளுக்கென்று ஒரு மியூசிக் வரும், முகம் பார்க்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு வசனத்திலும் யாரிடம் பேசுகிறோமோ அவர் பெயரையோ உறவையோ சொல்லிவிடுவார்கள்: "என்ன அத்தை சொல்றீங்க?", "இல்ல மாமா, நான் சொல்றதைக் கேளுங்க மாமா." நிஜத்தில் எந்த மருமகள் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மாமா போடுகிறாள்? அப்புறம் நேற்று நடந்ததை இன்று ஒரு வேலைக்காரம்மா இன்னொருவரிடம் முழுசாகச் சொல்வார். அடுப்பில் பால் பொங்கி எழுந்துபோன ஆளுக்காக அது. எல்லாரும் கேலி செய்யும் அந்த "டமால் டமால் டமால்", மூன்று தடவை முகத்தைக் காட்டுவது, அதுவும் எங்கள் வீட்டில் பயன்படுகிறது. முதல் டமாலுக்கு அம்மா காதைத் தீட்டுவாள், இரண்டாவதில் முடிச்சைப் போட்டு முடிப்பாள், மூன்றாவதில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். மூன்றும் வேண்டும்.

என் தங்கை ஒருநாள் தமிழில் பேச வைத்த கொரியத் தொடர் ஒன்றைப் போட்டாள். பையனும் பெண்ணும் மழையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், பேச்சே இல்லை. அம்மா திரும்பாமலே கேட்டாள்: "என்னத்தா, கரண்ட் போயிருச்சா?"

சிறகடிக்க ஆசை சீரியல் மீனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூக்கடை வைத்திருக்கிற பெண், வீட்டுக்காரர் டிரைவர். நம் மாதிரி ஆளைக் கதாநாயகி ஆக்கியிருக்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு காட்சியில் மீனா உட்கார்ந்து பூக் கட்ட, அம்மா அன்றைக்கு மட்டும் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். "கண்ணி இம்புட்டு எட்டி எட்டி விழுந்தா முழம் யாரு வாங்குவா?" அதற்குப் பிறகு மீனா அழும் காட்சிக்கெல்லாம் அம்மா பரிதாபப்படுவது கொஞ்சம் குறைந்துவிட்டது.

#7 திருநகர் பையன்

எல்லாரும் ரொம்ப ஆராய்ச்சி பண்ணுறீங்க. என் வயசுக்காரன் எவனும் சீரியல் பார்க்கிறதில்லை. அது ஐம்பது வயசுக்கு மேல் உள்ளவர்களுக்கான பொருள். இன்னும் பத்து வருடத்தில் தானாக மூடிவிடுவார்கள்.

#8 மேலூர் மாப்ள

தம்பி, போன மாசம் இங்கேயே இன்னொரு இழையில் "இந்தாம்மா ஏய்"னு எதிர்நீச்சல் சீரியல் குணசேகரன் ஸ்டிக்கர் போட்டது யாரு?

#9 திருநகர் பையன்

அது ரீல்ஸ். வேற.

#10 உசிலை வாத்தியார்

ஓய்வு பெற்ற ஆசிரியன். நான் சீரியல் பார்ப்பவன் அல்ல, ஆனால் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு.

"சோப் ஆபரா" என்ற பெயரே 1930களின் அமெரிக்க வானொலியில் இருந்து வந்தது. பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்காகத் தொடர் நாடகம், பணம் கொடுத்தது சோப்புக் கம்பெனிகள். ஆகவே "யாருக்காக" என்ற கேள்வி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. அதில் இருந்துதான் கதையே பிறந்தது. பூக்கட்டி அம்மா சொன்னதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. வானொலியில் வளர்ந்த பிள்ளைக்குக் காதுதானே முதல்?

நம் நாட்டில் முதல் நெடுந்தொடர் தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் வந்த ஹம் லோக். மெக்சிகோவில் மிகுவேல் சபிதோ என்பவர் கல்வி புகட்டத் தொடர் எடுத்த பாணியைப் பார்த்து, குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்ல அரசு எடுத்தது. விளம்பரதாரர் மேகி நூடுல்ஸ். அரசுக்கு ஒரு இலக்கு, நூடுல்ஸுக்கு ஒரு இலக்கு. முதல் பதின்மூன்று பகுதிகளில் உபதேசம் தூக்கலாக இருந்ததால் கூட்டம் சேரவில்லை. பிறகு அதைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள், தொடர் நிலைத்து நின்றது. நம் பக்கம் இந்தி புரியாமல் பெரிதாக எடுபடவில்லை என்பது வேறு. கொடைக்கானல் கோபுரம் வருவதற்கு முன்பு எங்களுக்குப் படமே புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மொட்டைமாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "வந்துருச்சு, போயிருச்சு" என்று கத்துவதற்கு இன்னொருவன்.

சொல்ல வந்தது அது இல்லை. அந்தத் தொடரில் பாகவந்தி என்று ஒரு தாய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அடிமை மாதிரி கிடப்பாள். "இப்படி இருக்காதீர்கள்" என்று காட்டத்தான் அந்தப் பாத்திரத்தையே படைத்தார்கள். பின்னால் சிங்கால், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களைக் கேட்டபோது, கணிசமானவர்கள் பாகவந்திதான் தங்களுக்கு முன்மாதிரி என்றார்கள். பெண்களும்தான். இத்தனைக்கும் ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து அறிவுரை வேறு சொல்வார்.

குறி பார்ப்பது எய்கிறவன் வேலை. அது எங்கே போய்த் தைக்கும் என்பது அவன் கையில் இல்லை.

#11 வில்லாபுரம் மருமகள்

வாத்தியார் ஐயா சொன்ன அம்பு எங்கள் வீட்டு சோபாவில் தினமும் இரண்டாக உடைகிறது.

எங்கள் வீட்டில் ஒரு டிவி. மாமியாரும் நானும் பாக்கியலட்சுமி பார்த்தோம், 2020ல் தொடங்கி அது முடிகிற வரைக்கும். வங்காளத்தில் ஸ்ரீமொயி என்று வந்த கதை. தமிழில் பாக்கியலட்சுமி, இந்தியில் அனுபமா. ஊர் மாறும், சமையல் மாறும், புடவை மாறும். ஆனால் வீட்டுக்காகத் தேய்ந்த ஒருத்தி, அவளை மதிக்காத புருஷன், அவனுக்கு வெளியில் ஒரு தொடர்பு, நாற்பது வயதுக்கு மேல் அவள் தன் காலில் நிற்பது, இது மாறாது. நான் இதை எனக்காக எடுத்த கதை என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு எபிசோட் முடிந்ததும் என் கைவலி கூடக் குறைந்த மாதிரி இருக்கும்.

அதே எபிசோடை என் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் வேறு கதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெரியம்மா பாவம், இந்த வயசுல பிள்ளை குடும்பம் இப்படிச் சிதறுதே." அவர் கண் கலங்கியது பாக்கியாவுக்காக இல்லை, பாக்கியாவின் மாமியாருக்காக. முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் உட்கார்ந்து கவனித்தேன். எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். மருமகள் ஜெயிக்கிற காட்சி ஒன்று வந்தால், பின்னாலேயே மாமியார் தனியாக உட்கார்ந்து அழும் காட்சி ஒன்று வரும். என் பட்டனும் வேண்டும், அவர் பட்டனும் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்து எழுந்துபோகாமல் இருக்க வேண்டுமே.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் நேராகப் பேச முடியாததை எல்லாம் டிவி வழியாகத்தான் பேசிக்கொள்வோம். "இப்படியும் சில பொம்பளைங்க" என்று அவர் டிவியைப் பார்த்துச் சொல்வார். "எல்லாம் அந்த அம்மா வளர்ப்பு" என்று நானும் டிவியைப் பார்த்துச் சொல்வேன். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கூட வந்ததில்லை.

#12 மேலூர் மாப்ள

அக்கா, உங்க வீட்டு டிவிக்கு ஒரு மாலை போடுங்க. பூக்கட்டி அக்காகிட்ட நெருக்கமாக் கட்டச் சொல்லி வாங்குங்க.

#13 கே.கே.நகர் கணக்கன்

மருமகள் அக்கா சொன்னதைத்தான் மீட்டிங்கில் "மாமியார் டிராக், மருமகள் டிராக்" என்று பேசுவார்கள். எந்த வாரம் எதைத் தூக்குவது, எதை அமுக்குவது என்று.

ஒரு பழைய விஷயமும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. சன் டிவி 1993ல் வந்தது. அதில் நெடுங்காலம் சேனல் சீரியலைக் காசு கொடுத்து வாங்காது. தயாரிப்பாளர்தான் அரைமணி நேர ஸ்லாட்டைக் காசு கட்டி எடுப்பார், நடுவில் வரும் விளம்பர நேரத்தில் ஒரு பங்கையும் அவரே விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். அதாவது கதை எடுக்கிறவரே கடை கடையாக ஏறி இறங்குகிறவர். ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டம்மாவுக்குப் பிடிக்காத கதாநாயகி நீண்ட நாள் தாங்க மாட்டாள். ராதிகாவின் ராடான், விகடன் டெலிவிஸ்டாஸ் எல்லாம் அந்த முறையில் வளர்ந்தவைதான். சித்தி 1999ல் வந்தது, மெட்டி ஒலி 2002ல், கோலங்கள் 2003ல். அக்கா தங்கைகள், கல்யாணம், சீர், தாய்வீடு என்று அந்தக் கதைகள் சுற்றிச் சுற்றி வந்ததற்கு, நகையும் புடவையும் விற்கிறவர்கள் பக்கத்தில் இருந்தது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து, மறுக்கலாம். விஜய், ஜீ தமிழ் மாதிரிச் சேனல்களில் சேனலே காசு கொடுத்து எடுக்கச் சொல்லும். அங்கே கதையை எங்கே திருப்புவது என்று சொல்வது சேனல் ஆபீஸ்தான்.

இன்னொரு சொல்லும் கேட்டிருப்பீர்கள், மகாசங்கமம். இரண்டு சீரியல் குடும்பங்களை ஒரு கல்யாணத்திலோ கோவில் திருவிழாவிலோ சந்திக்க வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். ஏழு மணிக் கதையின் ஆட்களை ஏழரை மணிக் கதைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போகிற வேலை அது. சித்திரைத் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக ஆளைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி, தெரியாமல் அடுத்த தெருவில் நிற்போம்.

பாண்டியன் ஸ்டோர்ஸ் இந்திக்குப் போனது தெரியுமா? நாலு அண்ணன் தம்பி, ஒரு மளிகைக் கடை. இந்தியில் பாண்டியா ஸ்டோர், ஊர் குஜராத்தில் சோம்நாத். பெயரை லேசாக மாற்றினால் பார்வையாளர் மாறிவிட்டார்.

#14 செல்லூர் கேபிள்காரன்

நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஆம்பளைகள் விஷயத்தை மட்டும் யாரும் தொடவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பரோட்டாக் கடை ஒன்றில் டிவிக்கு இணைப்பு என்னுடையது. முன்பு ராத்திரி ஆனால் காமெடி சேனல், இல்லையென்றால் கிரிக்கெட். எதிர்நீச்சல் வந்த பிறகு, அந்த அரைமணி நேரம் மாஸ்டர் கல்லில் கொத்துப் போட மாட்டார். கொத்துச் சத்தத்தில் குணசேகரன் பேசுவது கேட்காது என்று. கொத்துப் பரோட்டா கேட்டால் "பத்து நிமிசம் இருங்கண்ணே, வீச்சு சாப்பிடுங்க" என்பார். கதையே மதுரையில் நடக்கிற கதை, பேச்சும் நம் பேச்சு. எங்கள் பெரியப்பா ஒருத்தர் அச்சு அசல் அதே மாதிரிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் அதட்டுவார். குணசேகரனாக நடித்த மாரிமுத்து ஐயா 2023 செப்டம்பர் 8ஆம் தேதி டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு முடியாமல் போய் இறந்தார் இல்லையா, அன்றைக்கு அந்தக் கடையில் அவர் படத்தைக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைத்தார்கள். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனாலும் மாஸ்டர் மறுபடி கொத்த ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று. 2006ல் இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தார்களே, ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். அதற்கு முன் இணைப்புக் கேட்டு வருகிறவர் வீட்டு ஆம்பளை. பேசுவது எந்த சேனலில் படம் வரும், கிரிக்கெட் வருமா என்று. அந்தப் பெட்டி வந்த பிறகு இணைப்புக் கேட்டு வந்தது பெண்கள், பீடா டப்பாவில் சேர்த்த காசோடு. ஒருத்தர் கூடப் படம் வருமா என்று கேட்டதில்லை.

#15 வில்லாபுரம் மருமகள்

குணசேகரனைப் பெண்களை அடக்கும் ஆளாகக் காட்டி, அந்த வீட்டு மருமகள்கள் எதிர்த்து நிற்பதுதானே கதை? எங்களுக்காக எடுத்ததைப் பரோட்டாக் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே.

#16 உசிலை வாத்தியார்

பாகவந்திக்கு நேர்ந்தது குணசேகரனுக்கும் நேர்ந்திருக்கிறது, தலைகீழாக. அவளைப் பார்த்துப் பரிதாபப்படச் சொன்னார்கள், கும்பிட்டார்கள். இவனைப் பார்த்து வெறுக்கச் சொன்னார்கள், ரசித்தார்கள்.

ஆனாலும் அம்மா, ஆண்களை உட்கார வைப்பதும் அவர்கள் திட்டத்தில் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. மெட்டி ஒலி வந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பேச்சே அதுதான். ஐந்து மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு அல்லாடும் தகப்பன். ஆசிரியர்களில் பாதிப்பேர் பெண்ணைப் பெற்றவர்கள். அதற்கும் முன்னால் மர்மதேசம். வாரத்துக்கு ஒருநாள், கோவில், சித்தர், கருப்பசாமி. எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையிலேயே இருந்தவர், 2024 நவம்பரில் மறைந்தார். அந்த நாள் இரவில் ஆண், பெண், குழந்தை எல்லோரும் ஒரே அறையில் ஒரே போர்வைக்குள் இருப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை என்றால் குடும்பமே ஒதுங்கி உட்காரும். தினமும் என்று ஆனபோது, தினமும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவருக்குத்தான் கதை என்று சுருங்கிவிட்டது.

#17 மேலூர் மாப்ள

ஐயா சீரியல் பார்ப்பவர் அல்லவாம். குறித்துக்கொள்ளுங்கள்.

#18 திருநகர் பையன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். நானும் குணசேகரன் வசனத்துக்காகப் பார்த்தவன்தான். ஆனால் நான் பார்த்தது அரைமணி நேரக் கதையை இல்லை, நாற்பது விநாடித் துண்டை. சேனல்களே அந்தத் துண்டுகளை வெட்டி யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள். டிவியில் வருவதற்கு முன்பே ஆப்பில் பார்க்கக் காசு கட்டச் சொல்கிறார்கள். ஆக எங்களையும் விடவில்லை, தூண்டில் மட்டும் வேறு.

யோசித்தால் என் அக்கா செட்டுக்கு 2006ல் கனா காணும் காலங்கள் போட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதை. அப்போது யூனிஃபார்மோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் இப்போது பிள்ளையை ஸ்கூலுக்கு விடுகிறவர்கள். அவர்களுக்கு அதே பெயரில் மறுபடி 2022ல் ஓடிடியில் எடுத்தார்கள்.

#19 வில்லாபுரம் மருமகள்

குழந்தைகளை விட்டுவிட்டீர்களே. 2017ல் நந்தினி வந்தபோது என் மூத்தவனுக்கு ஆறு வயது. பாம்பு, பேய், கிராபிக்ஸ். ரிமோட்டைத் தரவே மாட்டான். அவன் பாம்புக்காக உட்கார்ந்தான், நாங்கள் அவனுக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தோம், முடியும்போது மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருந்தது. அவன் பயத்தில் இரண்டு மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான், அதை எந்தப் பட்டனில் எழுதினார்களோ.

#20 பூக்கட்டி

நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், பூக் கட்டிக்கொண்டே கேட்டாள். வாத்தியார் ஐயா எழுதிய அந்தத் தாய் கதையை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். "அந்தப் பொம்பளை கடைசியில என்ன ஆனா?" என்று கேட்டாள். ஐயா தெரிந்தால் சொல்லுங்கள். மானாமதுரைக்காரர் சம்சாரம் திரும்பி வந்துவிட்டதா என்றும் கேட்டாள்.

#21 செல்லூர் கேபிள்காரன்

வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே.

அம்மா கேட்டுக்கொண்டே கட்டுகிறார் என்று படித்ததில் இருந்து எனக்கு ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, இன்று காலை கடையில் சரிபார்த்துவிட்டேன். பழுதாகி மாற்ற வரும் ரிமோட்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். சேனல் நம்பர் பட்டன்கள் பெரும்பாலும் புதிது மாதிரி இருக்கின்றன. வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு நம்பர்தான் மங்கியிருக்கிறது. எழுத்தே தெரியாமல் வழவழவென்று தேய்ந்து, சிலதில் ரப்பரே ஓட்டை விழுந்திருப்பது சத்தத்தைக் கூட்டுகிற பட்டன். குறைக்கிற பட்டன் அப்படியே இருக்கிறது.

பூக்கட்டி அம்மா வீட்டு ரிமோட் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன்.